விமான ரேடாரும் கண்மாயின் மட்டமும்

கண்மாயின் கலிங்கை ஓர் அடி உயர்த்துவது கொத்தனாருக்குச் சில நாள் வேலை. ஆனால் அந்த ஓர் அடியின் விளைவு சிறியதன்று. ஆயக்கட்டின் கடைமடையில் பயிர் செய்பவருக்கு அது கதிர் முற்றும் காலத்தில் கிடைக்கும் கடைசித் தண்ணீர். உள்வாய் ஓரத்தில் பட்டா நிலம் உடையவருக்கோ அது பயிரை மூழ்கடிக்கும் வெள்ளம். கரை அதற்கேற்ற உயரமும் பலமும் இல்லாததாயின் ஊருக்கே ஆபத்து. ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும் நமது மதுரைச் சமவெளியில், மேலே உள்ளவர் செய்யும் மாறுதல் கீழே உள்ளவரையும் தொடும்.

தண்ணீர் எந்தப் பக்கம் செல்லும் என்பதை முடிவு செய்வது நிலத்தின் மட்டமே. 2024 அக்டோபர் 25ஆம் நாள் மதுரையில் பெருமழை பெய்தபோது செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். தாழ்ந்த இடம் எது, உயர்ந்த இடம் எது என்பதை வெள்ளம் வந்தபின் அறிவதைவிட, வருமுன் அறிவது நலம். நம் கையில் உள்ள கிராம வரைபடமும் புலப்படமும் நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் எல்லையையும் காட்டுவன. உயரத்தைக் காட்டுவன அல்ல.

ஒரு பொருள் எங்கே உள்ளது, எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை வானிலிருந்தே அறியும் கருவிகளுள் ஒன்று, விமானத்தில் பொருத்தப்படும் படம் பிடிக்கும் ரேடார். இத்தகைய கருவிகளைக் கொண்டு தயாரித்த படங்கள் இக்காலத்தில் நீர்வளத் திட்டங்களிலும் வெள்ளத் தடுப்பிலும் பயன்படுகின்றன. அப்படம் பஞ்சாயத்தின் மேசைக்கு வரும்போது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்குமுன் கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

கண்ணுக்குப் பதில் எதிரொலி

புகைப்படக் கருவிக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும். இடையில் மேகம் இருத்தல் கூடாது. நமது கண்மாய்கள் நிரம்புவதோ வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வானம் மூடிக் கிடக்கும் நாட்களில். எந்த நாளில் பார்க்க வேண்டுமோ அந்த நாளில் புகைப்படம் கைவிட்டுவிடும்.

ரேடார் அப்படியன்று. அது தானே வானொலி அலைகளை அனுப்பி, நிலத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்கிக் கொள்கிறது. அதற்கு இரவும் பகலும் ஒன்று. மேகத்தை அவ்வலைகள் ஊடுருவிச் செல்லும். மத்திய அமெரிக்காவில் பனாமா நாட்டின் டாரியன் மாகாணம் ஆண்டு முழுவதும் மேகத்தால் மூடப்பட்டிருப்பது. அதனால் அதை முழுமையாகப் புகைப்படம் எடுக்க இயலாதிருந்தது. 1967இல் ரேடார் பொருத்திய விமானம் பறந்த பின்னரே அம்மாகாணத்தின் படம் உருவாயிற்று.

முதல் அளவு: தூரம்

வானொலி அலை ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். விமானத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு மடைத்தூணுக்கு அலை சென்று திரும்ப, ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அவற்றுள் 67 பங்கு நேரம் ஆகும். இந்த நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது.

ரேடார் தனக்கு நேர் கீழே பார்ப்பதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்க்கிறது. காரணம் எளிது. நேர் கீழே பார்த்தால், இடப்புறம் ஒரு கிலோமீட்டரில் உள்ள வயலும் வலப்புறம் ஒரு கிலோமீட்டரில் உள்ள வயலும் சம தூரத்தில் இருக்கும். இரண்டின் எதிரொலியும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதால் இக்குழப்பம் நீங்குகிறது.

இரண்டாவது அளவு: பறக்கும் திசையில் இடம்

தூரம் மட்டும் தெரிந்தால் பொருள் முன்னே உள்ளதா, பின்னே உள்ளதா என்று தெரியாது. அதைப் பிரித்தறிய மிகக் குறுகிய அலைக்கற்றை வேண்டும். 5.6 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையைக் கொண்டு, 10 கிலோமீட்டர் தொலைவில் 5 மீட்டர் அகலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டுமாயின், அலைவாங்கி நூறு மீட்டருக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். எந்த விமானமும் அதைச் சுமக்க இயலாது.

இதற்கு 1951இல் அமெரிக்காவில் கார்ல் வைலி என்னும் பொறியியலாளர் ஒரு வழி கண்டார். நாம் ரயில் பாதை ஓரம் நிற்கும்போது, நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், கடந்து செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்கிறது. அதுபோல, விமானத்துக்கு முன்னே உள்ள பொருளின் எதிரொலி சற்று உயர்ந்த அதிர்வோடும், பின்னே விட்டுச் சென்ற பொருளின் எதிரொலி சற்றுத் தாழ்ந்த அதிர்வோடும் திரும்புகிறது. இந்த வேறுபாட்டைப் பதிவு செய்து கணக்கிட்டால், பொருள் பறக்கும் திசையில் எந்த இடத்தில் உள்ளது என்பது விளங்கும். விமானம் பறந்து கடக்கும் வழி முழுவதும் ஒரே நீண்ட அலைவாங்கியாக வேலை செய்கிறது என்றும் இதைச் சொல்லலாம்.

உயரம் தெரியாவிட்டால் வரும் பிழை

இவ்விரண்டு அளவுகளைக் கொண்டு ஒரு படம் கிடைத்துவிடும். ஆனால் அது உயரத்தை அறியாத படம். அதனால் வரும் பிழையை ஒரு கணக்கால் காட்டுவோம்.

யானைமலைப் பக்கம் ஒரு விமானம் வயல் மட்டத்துக்கு 6,000 மீட்டர் மேலே பறப்பதாகக் கொள்வோம். அதற்குப் பக்கவாட்டில் 8,000 மீட்டர் தள்ளி ஒரு வயல் உள்ளது. செங்கோண முக்கோணக் கணக்குப்படி விமானத்துக்கும் வயலுக்கும் நேர்த்தூரம் 10,000 மீட்டர். இனி, பக்கவாட்டில் 8,067 மீட்டர் தள்ளி, வயல் மட்டத்துக்கு 90 மீட்டர் மேலே பாறையில் ஒரு புள்ளி உள்ளதெனக் கொள்வோம். அதற்கும் நேர்த்தூரம் 10,000 மீட்டரே.

இரண்டின் எதிரொலியும் ஒரே கணத்தில் வந்து சேரும். ரேடார் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிடும். பாறையின் உச்சி உள்ளபடி இருக்க வேண்டிய இடத்தைவிட்டு 67 மீட்டர் விமானத்தை நோக்கிச் சாய்ந்து வயலின்மேல் விழுந்ததுபோல் தோன்றும். மலையின் மறுபக்கமோ அலையே படாமல் இருண்டு கிடக்கும். ஆகவே உயரம் தெரியாவிடில் இடமும் தவறும். உயரத்தை அறிவது தனி வசதியன்று. இடத்தைச் சரியாக அறிவதற்கே அது அவசியம்.

மூன்றாவது அளவு: உயரம்

கண்மாய்க் கரையின் இரு முனைகளில் நிற்கும் இருவர் எதிரே உள்ள ஒரே பனைமரத்தைப் பார்த்தால், இருவர் பார்வையும் சற்று வேறு திசைகளில் செல்லும். கரையின் நீளமும் அவ்விரு கோணங்களும் தெரிந்தால் மரம் எங்கே உள்ளது என்று கணக்கிட்டுவிடலாம். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை லாம்டன் அளக்கத் தொடங்கியதும் இந்த முறைக்காகவே. இந்தியப் பெரு நில அளவை அங்கிருந்து விரிந்தது.

ரேடாரும் இரண்டு இடங்களிலிருந்து பார்த்தே உயரத்தை அறிகிறது. விமானத்தில் இரண்டு அலைவாங்கிகளைப் பொருத்துகிறார்கள். ஒன்று அலையை அனுப்ப, திரும்பும் எதிரொலியை இரண்டும் வாங்குகின்றன. ஒன்றுக்குச் சற்று முன்னும் மற்றதற்குச் சற்றுப் பின்னுமாக எதிரொலி வந்து சேரும். இந்த வேறுபாடு மிக நுண்ணியது. எனினும் அலையின் முகடும் பள்ளமும் எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்று ஒப்பிட்டு அதை அளந்துவிடலாம். இம்முறையில் நிலத்தின் உயரங்களைப் படமாக்கலாம் என்பதை 1974இல் கிரஹாம் என்பவர் விளக்கினார்.

முன்சொன்ன கணக்கையே தொடர்வோம். பார்க்கும் திசைக்குக் குறுக்கே இரு அலைவாங்கிகளுக்கும் இடையே 2 மீட்டர் இடைவெளி உள்ளதாகக் கொண்டால், வயலின் எதிரொலியில் காணும் வேறுபாட்டுக்கும் பாறைப் புள்ளியின் எதிரொலியில் காணும் வேறுபாட்டுக்கும் இடையே சுமார் இரண்டேகால் சென்டிமீட்டர் விலகல் இருக்கும். 5.6 சென்டிமீட்டர் அலையில் அது ஐந்தில் இரண்டு பங்கு. தூரத்தால் ஒன்றாகத் தோன்றிய வயலும் பாறையும் இங்கே பிரிந்துவிடுகின்றன. தூரம், பறக்கும் திசையில் இடம், இந்த நுண்ணிய வேறுபாடு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பொருளின் இடத்தையும் உயரத்தையும் தந்துவிடுகின்றன.

விமானமும் காற்றில் அசையும். அது எங்கே பறக்கிறது, எப்பக்கம் சாய்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழிகாட்டியும் விமானத்திலுள்ள நுண்கருவிகளும் நொடிதோறும் குறிக்கின்றன. தரையிலோ, ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று உலோகத் தகடுகளை இணைத்த எதிரொளிப்பான்களை நிறுத்துகிறார்கள். வந்த அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும் இவை படத்தில் பிரகாசமான புள்ளிகளாகத் தெரியும். அவை நிற்கும் இடமும் உயரமும் முன்கூட்டியே தரையில் அளக்கப்பட்டிருப்பதால், படத்தின் பிழையைத் திருத்த உதவுகின்றன. வானத்துக் கருவிக்கும் தரையில் ஓர் ஆதாரம் வேண்டும் என்பதை நாம் இங்கே மனத்தில் குறித்துக் கொள்ள வேண்டும்.

விமானத்திலிருந்து விண்வெளிக்கு

இதே முறை விண்வெளியிலும் பயன்பட்டது. 2000 பிப்ரவரியில் 'எண்டெவர்' விண்வெளி ஓடத்தில் ஓர் அலைவாங்கியையும், 60 மீட்டர் நீண்ட கம்பத்தின் நுனியில் மற்றோர் அலைவாங்கியையும் வைத்து, 11 நாட்களில் உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவிகிதத்தின் உயரங்களைப் பதிவு செய்தார்கள். மதுரைச் சமவெளியும் நாகமலையும் அழகர்மலையும் அதில் அடங்கும். இன்று எவரும் இலவசமாகப் பெறக்கூடிய உயரப் படங்கள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை.

நமது நாட்டில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் விமான ரேடாரிலும் அனுபவம் பெற்றுள்ளது. அது உருவாக்கிய இரட்டை அலைப்பட்டை ரேடார் ஒன்று, 2019 டிசம்பரில் நாசாவின் விமானத்தில் பொருத்தப்பட்டு அமெரிக்காவில் பறந்தது. பின்னர் இரு நிறுவனங்களும் சேர்ந்து அமைத்த 'நைசார்' செயற்கைக்கோள் 2025 ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 747 கிலோமீட்டர் உயரத்தில் 12 மீட்டர் அகலமான அலைவாங்கியுடன் சுற்றும் அது, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும்படி அமைக்கப்பட்டது. நிலத்திலும் நீர்ப்பரப்பிலும் காலப்போக்கில் நேரும் மாறுதல்களைக் காண்பது அதன் முக்கிய வேலை.

எதை நம்பலாம், எதை நம்பலாகாது

இவ்வளவு நுட்பமான கருவி இருக்கும்போது கலிங்கின் உயரத்தையும் அதனிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றலாம். கேட்கலாகாது. காரணத்தை நம் கணக்கே சொல்லும். 90 மீட்டர் உயரத்துக்கு விலகல் இரண்டேகால் சென்டிமீட்டர். அப்படியானால் 1 மீட்டர் உயரத்துக்கு விலகல் கால் மில்லிமீட்டர்தான். இரு அலைவாங்கிகளுள் ஒன்று அந்த அளவு இடம் பெயர்ந்தாலும் உயரக் கணக்கில் 1 மீட்டர் பிழை புகுந்துவிடும். நன்கு அமைந்த விமான ரேடார் பிழையை மிகவும் குறைக்கும்; ஆயினும் அங்குலக் கணக்கில் எழும் வழக்கைத் தீர்ப்பது அதன் வேலையன்று. விண்வெளி ஓடத்தின் படத்திலோ பல மீட்டர் பிழை இருத்தல் கூடும்.

வேறு குறைகளும் உண்டு. குறுகிய அலைகள் அடர்ந்த தோப்பின் தலையிலேயே பட்டுத் திரும்பும். சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பில் ரேடார் காட்டும் உயரம் தரையின் உயரமன்று, மட்டைகளின் உயரத்தையொட்டியது. தண்ணீருக்கு அடியில் உள்ள தரையை ரேடார் காணாது. ஆகவே நிரம்பிய கண்மாயின் ஆழத்தையோ வண்டலையோ அது அளக்க முடியாது.

சுருங்கச் சொன்னால், பரந்த நிலத்தின் சாய்வு, வரத்துக்கால் வரும் போக்கு, வெள்ளம் பரவும் பரப்பு ஆகியவற்றுக்கு வானிலிருந்து எடுத்த படம் நல்ல துணை. கலிங்கு, மடை, கரை ஆகியவற்றின் உயரத்துக்கு லெவல் கருவியே சான்று.

நீரோரமே மட்டக்கோடு

எனினும் வானத்து அளவையும் தரை அளவையும் சேர்த்துப் பயன் பெறும் ஒரு வழி உண்டு. அசையாது நிற்கும் கண்மாய்த் தண்ணீரின் ஓரம் முழுவதும் ஒரே உயரத்தில் உள்ளது. இதை எந்த விவசாயிக்கும் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நீரோரம் என்பது இயற்கையே போட்டுத் தரும் மட்டக்கோடு.

அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பிவிடும், எதிரொலி வாராது. ஆகவே படத்தில் கண்மாய் கறுப்பாகத் தெரியும். அக்கறுப்பின் பரப்பைக் கணக்கிடலாம். ஆனால் அப்பரப்பு எந்த மட்டத்துக்கு உரியது என்பதைப் படம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது மடையில் உள்ள அளவுகோல். அதே நாளில் நமது நீர்பாய்ச்சி அளவுகோலைப் பார்த்து எழுதி வைத்திருந்தால், பரப்பும் மட்டமும் ஒன்று சேர்ந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு நாள் நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர். வேறொரு நாள் மட்டம் அரை மீட்டர் உயர்ந்திருக்கையில் பரப்பு 24 ஹெக்டேர். சராசரி 22 ஹெக்டேர். அதை அரை மீட்டரால் பெருக்கினால், அந்த அரை மீட்டரில் அடங்கிய நீர் சுமார் 1,10,000 கன மீட்டர், அதாவது 11 கோடி லிட்டர். கோடையில் மட்டம் இறங்க இறங்க இவ்வாறு கணக்கிட்டு வந்தால், எந்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர் உள்ளது என்ற அட்டவணை கிடைத்துவிடும். கடைசி நனைப்புக்குத் தண்ணீர் போதுமா என்ற கேள்விக்கு ஊகத்தால் அன்றி எண்ணால் விடை சொல்லலாம். சில ஆண்டுகள் கழித்து அதே மட்டத்தில் பரப்பு குறைந்து காணப்பட்டால், ஓரத்தில் வண்டல் ஏறியதா, ஆக்கிரமிப்பு நேர்ந்ததா என்று விசாரிக்கவும் அது ஆதாரமாகும்.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். சீமைக்கருவேல் மண்டிய உள்வாயில் தண்ணீர் நின்றாலும், மரத்திலும் நீரிலும் மாறி மாறிப் பட்ட அலை திரும்பி வந்து அவ்விடத்தைப் பிரகாசமாகக் காட்டக்கூடும். ஆகாயத் தாமரை மூடிய பகுதியும் கரைநிலம்போல் தோன்றலாம். பலத்த காற்றில் அலையடிக்கும் நீரும் அவ்வாறே. ஆகவே படத்தில் பரப்பு குறைந்தது என்று கேட்டவுடன் எவர்மீதும் குற்றம் சுமத்துதல் தகாது. நேரில் சென்று பார்த்தபின்பே முடிவு செய்ய வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு கண்மாய்க்கும் அசையாத ஒரு மட்டக்கல் வேண்டும். பொறியாளரைக் கொண்டு, அருகிலுள்ள அரசாங்க மட்டக் குறியிலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். கலிங்கு, மடைகளின் அடிமட்டம், கரையின் மிகத் தாழ்ந்த இடம் ஆகியவற்றையும் அக்கல்லோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, மடையில் அளவுகோலைப் பதித்து, நீர் உள்ள காலத்தில் வாரம் ஒருமுறையேனும் நாளுடன் மட்டத்தை எழுதி வர வேண்டும். நாள் இல்லாத குறிப்பால் படத்தோடு ஒப்பிட முடியாது.

மூன்றாவது, கண்மாய் வறண்ட கோடையிலேயே உள்வாயின் தரைமட்டத்தை அளந்துவிட வேண்டும். தண்ணீர் வந்தபின் ரேடாரும் அதைக் காணாது.

நான்காவது, கலிங்கின் உயரத்தில் கை வைக்குமுன் உரிய துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும் உள்ளன. மேல் கண்மாய், கீழ்க் கண்மாய் ஊர்களையும் ஆயக்கட்டுதாரர்களையும் உள்வாய் நிலக்காரர்களையும் ஒன்றாக அமர்த்தி, அளவுகளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பின்னரே முடிவெடுத்தல் முறையாகும்.

விமானமும் செயற்கைக்கோளும் நம் நிலத்தை எத்தனை உயரத்திலிருந்து பார்த்தாலும், அவற்றின் எண்களைத் திருத்தி உறுதி செய்வது தரையில் உள்ள ஓர் ஆதாரமே. நமது கண்மாயில் அந்த ஆதாரம் ஒரு மட்டக்கல்லும், மடையில் ஓர் அளவுகோலும், தவறாமல் எழுதப்படும் ஒரு குறிப்பேடும் ஆகும். அடுத்த பருவமழைக்கு முன் இம்மூன்றையும் அமைத்துக்கொண்ட ஊர், எந்தப் படம் வந்தாலும் அதை உரசிப் பார்க்கும் தகுதி பெற்ற ஊராகும்.